லெஃப்டீஸ் டிசீவர்: இரைமீனைப் போலிசெய்யும் தூண்டில் ஈ

லெஃப்டீஸ் டிசீவர் என்பது கடல்மீன் பிடிப்பில் பயன்படும் ஒரு தூண்டில் ஈ. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தைச் சேர்ந்த பெர்னார்ட் விக்டர் கிரே 1950களின் இறுதியில் இதை உருவாக்கினார். அவரை எல்லோரும் 'லெஃப்டி', அதாவது இடக்கைக்காரர், என்றே அழைத்தார்கள். 'டிசீவர்' என்றால் ஏமாற்றுவது. ஒரு தூண்டில் முள், சில சேவல் இறகுகள், மான்வால் முடி, நூல் ஆகியவையே இதன் அடிப்படைப் பொருட்கள். நீரில் இழுக்கும்போது இவை சேர்ந்து சிறு மீனொன்று நீந்துவதுபோலத் தோன்றும். கொன்றுண்ணும் பெரிய மீன்கள் எங்கெல்லாம் சிறுமீன்களைத் துரத்துகின்றனவோ, அநேகமாக அங்கெல்லாம் இந்த ஈயோ இதன் வழிவந்த ஒன்றோ பயன்பாட்டில் இருக்கிறது.

மீனுக்கு ஏன் ஈ என்று பெயர்?

சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டோ கனமான இரையோ முன்னே பறக்கிறது. நரம்பு அதன் பின்னால் இழுபட்டுச் செல்கிறது. ஈத்தூண்டிலில் இது தலைகீழ். முள்ளில் கட்டிய இறகுக்கு எடையே இல்லை எனலாம். எடை தடித்த தூண்டில் கயிற்றில் இருக்கிறது. கோலைப் பின்னும் முன்னும் வீசும்போது அந்தக் கயிறு காற்றில் வளையமாக விரிந்து நீள்கிறது. அதன் நுனியில் மெல்லிய நரம்பும், நரம்பின் நுனியில் ஈயும் இருக்கும். எடையற்ற ஒன்றைத் தொலைவுக்கு எறிய மனிதர் கண்டுபிடித்த வழி இது.

இங்கிலாந்தின் ஆறுகளில் டிரவுட் மீன்கள் நீரின் மேல் விழும் பூச்சிகளைத் தின்னும். அப்பூச்சிகளைப் போல இறகாலும் நூலாலும் கட்டியதால் 'ஈ' என்ற பெயர் வந்தது. பின்னாளில் அதே முறையில் சிறுமீன், இறால், நண்டு என்று எல்லாவற்றையும் கட்டத் தொடங்கினார்கள். பெயர் மட்டும் மாறவில்லை. முப்பது சென்டிமீட்டர் நீளமுள்ள இறகு மீனையும் இன்றுவரை 'ஈ' என்றே சொல்கிறார்கள்.

இரைமீனைப் போலச் செய்யும் நீண்ட ஈக்களுக்கு ஸ்ட்ரீமர் என்று பெயர். இவ்வகையை அமெரிக்காவில் புகழ்பெறச் செய்தவர்களுள் மெய்ன் மாநிலத்தைச் சேர்ந்த கேரி ஸ்டீவன்ஸ் முக்கியமானவர். தொப்பி அலங்காரம் செய்வது அவர் தொழில்; இறகைக் கையாளப் பழகிய விரல்கள். பிடிகருவி எதுவுமின்றி முள்ளைக் கையில் பிடித்தே ஈ கட்டுவார். 1924 ஜூலை 1 அன்று தாம் கட்டிய ஈயைக் கொண்டு 6 பவுண்டு 13 அவுன்ஸ் எடையுள்ள புரூக் டிரவுட் ஒன்றைப் பிடித்தார். அதன் பிறகு அவருடைய ஈக்களுக்குத் தேவை பெருகியது. அவற்றுள் 'கிரே கோஸ்ட்' என்பது ஸ்மெல்ட் என்னும் சிறுமீனின் வடிவம்.

அந்த ஈயின் கன்னத்தில் கண்போல மினுங்கும் இறகு தமிழ்நாட்டுக் காடுகளுக்கும் சொந்தமான ஒரு பறவையுடையது. தீபகற்ப இந்தியாவில் மட்டும் வாழும் சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்திறகில் மெழுகுபோன்ற வெண்மஞ்சள் புள்ளிகள் உண்டு. சால்மன் மீன் ஈக்களுக்கும் ஸ்ட்ரீமர்களுக்கும் அவற்றுக்கு நிகரான பொருள் இல்லை என்று ஈ கட்டுவோர் கருதினர். அந்த மோகத்தின் விலையை மேற்குத் தொடர்ச்சி மலையின் கோழிகள் கொடுத்தன. இப்போது இப்பறவை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. டிசீவருக்கு இத்தகைய அரிய இறகு எதுவும் தேவைப்படவில்லை. அது உலகெங்கும் பரவியதற்கு இதுவும் ஒரு காரணம்.

உப்புநீரில் ஈ

இரண்டாம் உலகப் போருக்கு முன்னரே கடலில் ஈத்தூண்டில் போட்டவர்கள் இருந்தார்கள். ஆனால் அது சிலருடைய விசித்திரப் பழக்கமாகவே பார்க்கப்பட்டது. மூங்கில் கோல்கள் பெரிய மீனின் இழுப்புக்கும் உப்புக்கும் ஈடுகொடுக்கவில்லை. போருக்குப் பின் கண்ணாடியிழைக் கோல்களும் நைலான் நரம்பும் வந்ததும் நிலைமை மாறியது.

மாற்றத்தை எழுத்தில் கொண்டுசேர்த்தவர் ஜோ புரூக்ஸ். 1948இல் ஒரேகான் மாநிலத்தின் கூஸ் விரிகுடாவில் 29 பவுண்டு 6 அவுன்ஸ் எடையுள்ள ஸ்டிரைப்டு பாஸ் மீனை ஈத்தூண்டிலில் பிடித்துச் சாதனை படைத்தார். 1950இல் கடல்நீர் ஈத்தூண்டில் பற்றிய நூலை வெளியிட்டார். அவருக்கு முன்பே ஃபுளோரிடாவில் ஹோமர் ரோட் என்பவர் கடலுக்கான ஈக்களைக் கட்டிவந்தார். முள்ளின் முன்பகுதியில் இறகைக் கட்டும் வழக்கத்தை விட்டு, வளைவுக்கு அருகே பின்பகுதியில் கட்டியது அவருடைய பாணி. பின்னால் வரும் கதைக்கு இந்த விவரம் முக்கியம்.

லெஃப்டி கிரே 1925 பிப்ரவரி 26 அன்று மேரிலாந்தின் ஃபிரெடெரிக் நகரில் பிறந்தார். வறுமையான குடும்பம். போரின்போது ஐரோப்பாவில் பல்ஜ் சண்டையில் பங்கெடுத்துத் திரும்பினார். பிறகு ஃபோர்ட் டெட்ரிக் உயிரியல் ஆயுத ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே ஆந்த்ராக்ஸ் தொற்றுக்கு ஆளாகிப் பிழைத்தார். அவரிடமிருந்து கிடைத்த கிருமி வகைக்கு அவருடைய பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு பி.வி.கே.-1 என்று பெயரிட்டார்கள். மீன்பிடி உலகில் அவர் பெயரைத் தாங்கும் ஈயைப் பலர் அறிவார்கள். இந்தக் கிருமியை அறிந்தவர்கள் குறைவு. ஆய்வகத்தில் ஷிப்ட் வேலை என்பதால் பகல் பொழுதுகள் மீன்பிடிக்கக் கிடைத்தன. 1947இல் போடோமாக் ஆற்றில் ஜோ புரூக்ஸைப் படகில் அழைத்துச் சென்றபோது அவர் ஈத்தூண்டிலால் மீன் பிடிப்பதைக் கண்டார். உடனே அதைக் கற்கத் தொடங்கினார்.

செசாபீக்கின் சிக்கல்

செசாபீக் விரிகுடா சுமார் 320 கிலோமீட்டர் நீளமுள்ள கழிமுகம். பெரும்பகுதி ஆழமில்லாதது. அட்லாண்டிக் கரையில் திரியும் ஸ்டிரைப்டு பாஸ் மீன்களில் பெரும்பாலானவை இந்த விரிகுடாவில் சேரும் ஆறுகளில்தான் பிறக்கின்றன. உடலின் நெடுக்கே ஏழெட்டுக் கருங்கோடுகள் ஓடும் இம்மீனை அங்குள்ளவர்கள் ராக்ஃபிஷ் என்பார்கள். இதன் இரை நெத்திலி இனத்துச் சிறுமீன்களும், மத்திக்கு உறவான மென்ஹேடனும்.

இலையுதிர் காலத்தில் இரைமீன் கூட்டங்களைப் பாஸ் மீன்கள் கீழிருந்து நெருக்கி மேலே தள்ளும். நீர் கொதிப்பதுபோல இருக்கும். கடற்பறவைகள் மேலே வட்டமிடும். இந்த வேட்டை சில நிமிடங்களில் ஓய்ந்துவிடும். அதற்குள் எத்தனை முறை ஈயை எறிய முடிகிறது என்பதே கணக்கு. கிரிஸ்ஃபீல்டு ஊரை ஒட்டிய நீரில் பால்டிமோர் நாளிதழ் எழுத்தாளர் டாம் கோஃபீல்டுடன் கிரே மீன்பிடித்த நாட்களில் ஒரு குறை திரும்பத் திரும்ப எரிச்சலூட்டியது. அக்கால ஸ்ட்ரீமர்களில் நீண்ட இறகுகள் முள்ளின் கண்ணருகே கட்டப்பட்டிருந்தன. எறியும்போது காற்றில் திரும்பும் இறகு, முள்ளின் வளைவுக்குள் சுற்றிக்கொள்ளும். நீரில் விழுந்தபின் அது மீனாக நீந்தாது. கசங்கிய துணிபோலச் சுழன்று வரும். பாஸ் அதைத் தொடாது. கெட்டது என்னவென்றால், ஈயை முழுதும் இழுத்துக் கையில் எடுக்கும்வரை எறிந்தவருக்கு இது தெரியாது. அதற்குள் மீன்கூட்டம் போய்விடும்.

கிரே தமக்குத் தேவையான ஈ எப்படி இருக்க வேண்டும் என்று யோசித்தார். இறகு முள்ளில் சுற்றக்கூடாது. நீரில் பருத்துத் தெரிய வேண்டும், காற்றில் ஒடுங்க வேண்டும். நீரை விட்டு எடுத்ததும் நனைந்த கனம் உதிர்ந்துவிட வேண்டும். விரல் நீளத்துக்கும் முழங்கை நீளத்துக்கும் ஒரே முறையில் கட்ட முடிய வேண்டும். முதலில் வந்தது முழுவெள்ளை ஈ.

கட்டும் முறை

டிசீவரின் அழகு அதன் வடிவத்தைவிட அது கட்டப்படும் வரிசையில் தெரிகிறது. ஒவ்வொரு படியும் மேற்சொன்ன ஏதோவொரு தொல்லைக்கு விடை.

முள்ளை வைஸில் இறுக்கி, தண்டின் மேல் நூலைச் சுற்றி அடித்தளம் போடுவது முதல் வேலை. நூல் இல்லாத வழுவழுப்பான எஃகின் மேல் இறகு நிற்காது, சுழன்றுவிடும். கடலுக்கு உப்பு அரிக்காத முள் வேண்டும். மஸ்டாட் நிறுவனத்தின் 34007 என்ற துருப்பிடிக்காத எஃகு முள் நெடுங்காலம் இதற்கு வழக்கமான தேர்வாக இருந்தது.

அடுத்து இறகு. சேவலின் முதுகின் பின்பகுதியில் இருபுறமும் தொங்கும் நீண்ட ஒடுங்கிய இறகுகளே ஏற்றவை. ஆறு அல்லது எட்டு இறகுகளை இரு சம பங்காகப் பிரிப்பார்கள். ஒவ்வோர் இறகுக்கும் இயல்பாக ஒரு குழிவு உண்டு. இரு பங்குகளின் குழிந்த பக்கங்களும் ஒன்றையொன்று பார்க்குமாறு, கூப்பிய கைகள்போலச் சேர்த்தால் தட்டையான மீனுடல் கிடைக்கும். குழிவை வெளிப்பக்கம் திருப்பினால் இறகுகள் தவளைக்கால்போல விரிந்து மூடும். அது வேறு வகை ஈ. சேர்த்த இறகுகளைத் தண்டின் பின்கோடியில், வளைவு தொடங்கும் இடத்தில் கட்டுவார்கள். வளைவுக்குள் சுற்றுவதற்கு இறகுக்கு இப்போது நீளம் கிடைப்பதில்லை. பிரச்சினையின் பாதி இங்கே தீர்ந்துவிடுகிறது.

இறகின் இருபுறமும் சில வெள்ளி இழைகள் சேரும். இரைமீன் திரும்பும்போது செதில் பளிச்சிடுவதை இது காட்டும். தண்டைச் சரிகைத் தாளால் சுற்றுவது உண்டு. நூலோடு விட்டுவிடுவோரும் உண்டு. இதில் அதிகம் பொருள் இல்லை, எப்படியும் அது முடிக்குள் மறைந்துவிடும்.

மீதிப் பாதியைத் தீர்ப்பது கழுத்துமுடி. வெள்ளைவால் மானின் வாலிலிருந்து ஒரு கற்றை முடி வெட்டி, அடியிலுள்ள குட்டை மயிரைக் கோதி நீக்கி, முள்ளின் கண்ணுக்குப் பின்னால் ஒரு பக்கம் கட்டுவார்கள். மறுபக்கமும் அதுபோலவே. முடியின் நுனிகள் முள்வளைவைத் தாண்டி நீள வேண்டும் என்பதே இதன் ரகசியம். அப்போது மான்முடி விறைப்பான ஒரு கூம்புபோல நின்று, இறகு வளைவுக்குள் போகாமல் தடுக்கிறது. முடியைக் குட்டையாக விட்டால் ஈ பார்வைக்கு டிசீவர்தான். எறிந்தால் பழைய தொல்லை திரும்பிவிடும். புதிதாகக் கட்டுவோர் செய்யும் இன்னொரு பிழை, கற்றையைத் தடிமனாக எடுப்பது. மீன்போலப் பருக்கட்டும் என்ற ஆசையில் முடியை அடைத்தால் நீர் உள்ளே புகாது, இறகு அசையாது. முடி மெலிதாக இருந்தால் நீர் அதனூடே ஓடி இறகுகளை அலையவைக்கும். எறியும்போது நனைந்த முடியும் இறகும் ஒட்டி ஒடுங்கும். பெரிய ஈயைக்கூட எளிதாக எறிய முடிவது இதனால்தான்.

தொண்டையில் சிறிது சிவப்பு முடியோ இழையோ வைப்பது வழக்கம். செவுள் சிவந்து தெரியும் மீன் அடிபட்ட மீன் என்று வேட்டைமீன் நினைக்கும் என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கம். மீன் என்ன நினைக்கிறது என்பது ஒருபுறம் இருக்க, சிவப்பு வைத்தபின் ஈ கட்டியவருக்கு நம்பிக்கை வந்துவிடுகிறது. மேற்புறத்தில் நீலமோ பச்சையோ கறுப்போ தோய்த்த முடி, அல்லது மயிலிறகின் இழைகள். இதற்கு உறுதியான காரணம் இருக்கிறது: மத்தி, அயிலை, நெத்திலி உட்பட மேல்நீரில் திரியும் மீன்களுக்கு முதுகு இருண்டும் வயிறு வெளுத்தும் இருக்கும். மேலிருந்து பார்க்கும் பறவைக்கு இருண்ட முதுகு ஆழத்தோடும், கீழிருந்து பார்க்கும் எதிரிக்கு வெளுத்த வயிறு வான ஒளியோடும் கலந்துவிடும். ஈயும் அந்த உடையையே அணிகிறது. கடைசியில் நூலால் சிறு தலை செய்து, முடிச்சிட்டு, கண் வரைந்து, மேலே பசைப்பூச்சு இடுவார்கள்.

பழகிய கைக்குப் பத்து நிமிட வேலை. சீலா மீனின் பல்லுக்கு அது ஒரு நொடி.

யாருடைய ஈ?

இறகைப் பின்னால் கட்டுவது ஹோமர் ரோட் முன்பே செய்தது. மான்வால் முடி அமெரிக்க ஈக்களில் பழைய பொருள். அப்படியானால் கிரே கண்டுபிடித்தது என்ன என்று கேட்கலாம். இரண்டையும் ஒன்றுக்கொன்று துணையாக வைத்த இடம் அவருடையது. கிரேயும் இதை மாற்ற முடியாத வடிவமாகக் கருதவில்லை. இது ஒரு கட்டும் முறை, நிறமும் நீளமும் அந்தந்த ஊர் இரைமீனைப் பார்த்து முடிவு செய்ய வேண்டியவை என்பதே அவர் நிலைப்பாடு. பதிப்புரிமை பேசாத இந்த மனப்பான்மையால்தான் வெள்ளை டிசீவர், மஞ்சள் டிசீவர், கறுப்பு டிசீவர் என்று ஊருக்கு ஒன்று பிறந்தது.

1964இல் கிரே ஃபுளோரிடா சென்று மியாமியின் மீன்பிடிப் போட்டியொன்றை நடத்தும் பொறுப்பேற்றார். டார்பன், சீலா, பாறை என்று வெப்பக்கடல் மீன்களிடம் டிசீவர் சோதிக்கப்பட்டது அங்கேதான். 1974இல் கடல்நீர் ஈத்தூண்டில் பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது. ஈயைவிட அதிகமாகப் பரவியது அவர் எறியும் முறை என்றும் சொல்லலாம். கடிகார முள்போலப் பத்துக்கும் இரண்டுக்கும் இடையில் கோலை ஆட்ட வேண்டும் என்ற பழைய பாடத்தை விட்டு, கோலை நெடுந்தொலைவு பின்னே கொண்டுபோய் எறியக் கற்பித்தார். காற்று வீசும் கடலில் நீண்ட ஈயை எறிய அதுதான் உதவியது.

1991 மே 31 அன்று அமெரிக்க அஞ்சல் துறை தூண்டில் ஈக்களுக்காக 29 சென்ட் மதிப்பில் ஐந்து அஞ்சல்தலைகளை வெளியிட்டது. ராயல் உல்ஃப், ஜாக் ஸ்காட், ஆப்தே டார்பன் ஃபிளை, மட்லர் மின்னோ ஆகியவற்றோடு லெஃப்டீஸ் டிசீவரும் அதில் இடம்பெற்றது.

அதற்குள் டிசீவருக்கு ஒரு போட்டியாளர் வந்துவிட்டார். பென்சில்வேனியாவில் சஸ்குவெஹானா ஆற்றங்கரையில் ஈக்கடை வைத்திருந்த பாப் கிளவுசர் 1987இல், முள்ளின் தலைப்பக்கத்தில் ஈயத்தாலான இரட்டைக் கண்களைக் கட்டினார். கனத்தால் அது ஆழத்துக்குப் போனது, முள் நுனி மேல்நோக்கித் திரும்பியது. அதற்கு 'கிளவுசர் டீப் மின்னோ' என்று பெயர் வைத்து எழுதிப் புகழ்பெறச் செய்தவர் கிரேதான். பிறகு டிசீவரின் இறகு வாலையும் கிளவுசரின் கனத்த கண்களையும் சேர்த்து 'ஹாஃப் அண்ட் ஹாஃப்' என்ற ஈ பிறந்தது. நியூஜெர்சியின் பாப் பாப்பவிக்ஸ் மான்முடியைப் பின்னோக்கித் தள்ளிக் கட்டி, உள்ளே வெற்றிடம் உள்ள பெரிய ஈக்களை உருவாக்கினார். செயற்கை இழைகள் வந்தபின் பலர் இறகையே விட்டுவிட்டார்கள். அவை கிழியாது, நிறம் மங்காது. ஆனால் மெதுவான நீரில் சேவல் இறகுபோல அலைவதில்லை.

பாஸ் இல்லாத ஆண்டுகள்

ஈ புகழடைந்த அதே காலத்தில், எந்த மீனுக்காக அது கட்டப்பட்டதோ அந்த மீன் மறைந்துகொண்டிருந்தது. அட்லாண்டிக் கரையில் வணிக மீனவர் பிடித்த ஸ்டிரைப்டு பாஸ் 1973இல் சுமார் 1.47 கோடி பவுண்டு. 1983இல் அது சுமார் 17 லட்சம் பவுண்டாகச் சரிந்தது. மிகைப்பிடிப்போடு, முட்டையிடும் ஆறுகளின் நீர்த்தரமும் கெட்டிருந்தது. 1984இல் அமெரிக்க நாடாளுமன்றம் இம்மீனைக் காக்கச் சட்டம் இயற்றியது. 1985 முதல் மேரிலாந்து ஸ்டிரைப்டு பாஸ் பிடிப்பதை முற்றிலும் தடைசெய்தது. கிரிஸ்ஃபீல்டு போன்ற ஊர்களின் வலைக்காரர்களுக்கும் வாடகைப் படகுக்காரர்களுக்கும் அது பிழைப்பைத் தொட்ட தடை. ஐந்து ஆண்டுகள் நீடித்து 1990இல் தளர்த்தப்பட்டது. 1995இல் இனம் மீண்டதாக அறிவிக்கப்பட்டது. மீன்வள நிர்வாகத்தில் வெற்றிக்கதையாக இது நெடுங்காலம் சொல்லப்பட்டது.

தூண்டில்காரர்களிடையே பிடித்த மீனை விட்டுவிடும் வழக்கம் இந்த ஆண்டுகளில் வலுப்பட்டது. டிசீவரின் முள்ளில் உள்ள கொக்கியை இடுக்கியால் நசுக்கித் தட்டையாக்கிக்கொள்வது இப்போது பலருடைய பழக்கம்; முள் எளிதாகக் கழன்றுவரும். ஆயினும் விட்ட மீன்களிலும் ஒரு பகுதி இறந்துவிடுகிறது. பாஸ் மீனுக்கு இன்று பெரும் சேதம் வலையிலிருந்து மட்டுமல்ல, பொழுதுபோக்குத் தூண்டிலிலிருந்தும் வருகிறது. 2019இல் வெளியான மதிப்பீடு, இந்த இனம் மீண்டும் மிகைப்பிடிப்புக்கு உள்ளாகியிருப்பதாகக் கண்டது. 2023 மே மாதத்தில் அட்லாண்டிக் மாநிலங்களின் மீன்வள ஆணையம் அவசர விதியொன்றைப் பிறப்பித்தது. அதன்படி, கடலில் தூண்டிலால் பிடித்து வைத்துக்கொள்ளும் ஸ்டிரைப்டு பாஸ் 31 அங்குலத்துக்கு மேல் இருக்கக்கூடாது. பெரிய தாய்மீன்களை நீரிலேயே விட வேண்டும்.

லெஃப்டி கிரே 2018 மார்ச் 14 அன்று தமது 93ஆம் வயதில் மேரிலாந்தில் காலமானார்.